வாசலுக்கு வந்த பூனை

தஞ்சைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 72, தனியே வசிக்கிறார். ஒரு மாதமாகப் பூனை ஒன்று அவர் வீட்டுக் கொல்லைக் கதவருகே வந்து அமர்கிறதாம். விரட்டினால் போகிறது; விளக்கேற்றும் வேளையில் மீண்டும் வந்துவிடுகிறது. பூனை வலிய வந்து தங்குவது நற்சகுனமா, தீச்சகுனமா என்பது அவருடைய முதற்கேள்வி. இரண்டாவது கேள்வியை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "சாக்கில் பிடித்துக்கொண்டு போய்க் கோயிலில் விட்டுவிடலாம், கோயிலில் விட்டால் தோஷமில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

சகுன சாத்திரத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. வங்கிப் பேரேடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை கூற எனக்கு ஒரு தகுதி உண்டு. ஒரு பூனையைச் சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

1988ஆம் ஆண்டு. ஆற்றங்கரை ஊர் ஒன்றில், சிறு கிளையில் அலுவலராக இருந்தேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு சென்றிருந்தாள். பழைய ஓட்டு வீடு; சமையலறைக்கு மேலே பரண். அங்கே ஒரு சாம்பல் நிறப் பூனை நடமாடத் தொடங்கியது. பாலை மூடி வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டுக் குடித்தது. வெள்ளிக்கிழமை சுவாமிக்கென எடுத்துவைத்த தயிரிலும் ஒருநாள் வாய் வைத்துவிட்டது. எனக்குச் சினம் மூண்டது. ஒரு கிண்ணம் பாலைச் சாக்குக்குள் வைத்துக் காத்திருந்து, பூனை உள்ளே நுழைந்ததும் வாயைக் கட்டினேன். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் சாக்கை வைத்து, நான்கு கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரம் இருந்த பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுசென்று அவிழ்த்து விட்டேன். அது பாய்ந்து ஓடிற்று. நான் உள்ளே சென்று தோப்புக்கரணம் போட்டுவிட்டு வீடு திரும்பினேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன் என்பதைச் சொல்ல இன்று நாணமாக இருக்கிறது.

மறுநாள் இரவு பரணிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. எலி என்று எண்ணினேன். அதற்கடுத்த நாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கொலு பொம்மைகள் வைத்திருந்த மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே நான்கு குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை.

விடியுமுன் கோயிலுக்கு ஓடினேன். பூ விற்கும் மூதாட்டி, அப்படியொரு பூனை ஆற்றுப்படுகைப் பக்கம் ஓடியதைப் பார்த்ததாகக் கூறினார். மூன்று நாள் மாலையும் காலையும் தேடினேன், கிடைக்கவில்லை. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி, பசும்பாலை நீர் கலந்து சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். பசும்பால் அவற்றுக்கு ஆகாது என்பதும், பாலைக் காட்டிலும் தாயின் உடற்சூடே முதலில் வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மூன்று குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. நான்காவதைக் கிளையின் காவலர் வாங்கிச் சென்றார். அவர் வீட்டில் குட்டி ஈன்ற பூனை ஒன்று இருந்தது. அது இதையும் தன் குட்டிகளோடு சேர்த்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து மனைவி கைக்குழந்தையோடு வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "மடியைப் பார்க்கலையா நீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கோயிலில் விட்டால் தோஷமில்லை என்று முதன்முதலில் சொன்னவர் யாரோ, பூனையின் இடத்திலிருந்து எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். பூனை மனிதரைவிட இடத்தைப் பற்றிக்கொண்டு வாழும் பிராணி. எந்த மதிலில் ஏறலாம், எந்தத் தெரு நாய்க்கு எந்த வேளையில் அஞ்ச வேண்டும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதற்குப் பழகிய இடத்தில்தான் தெரியும். அறிமுகமற்ற கோயில் வாசலில் அதற்குக் காத்திருப்பவை நாய்களும் வண்டிச் சக்கரங்களும், அங்கே முன்பே உரிமை கொண்டாடும் வேறு பூனைகளுந்தான். நாம் பார்க்காத இடத்தில் அது துன்புறும், அவ்வளவுதான் வேறுபாடு.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தைக் கண்டவர்கள், அதில் முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் கண்டிருப்பார்கள். காலடியில் எலிகள் நிற்கும். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலும் இந்தப் பொய்த்தவப் பூனையின் கதை வருகிறது. துரியோதனன் உலூகனைத் தூது அனுப்பித் தருமரை அப்பூனையோடு ஒப்பிட்டு இகழச் சொல்கிறான். சாக்கை உதறிவிட்டுத் தோப்புக்கரணம் போட்ட அன்று, அந்தப் பூனை நானாகத்தான் இருந்தேன்.

வைணவ அன்பர்களுக்கு மார்ஜார நியாயம் தெரிந்திருக்கும். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அது மர்க்கட நியாயம், வடகலையார் கொள்வது. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்கும். தாயே கழுத்தைக் கவ்வி எடுத்துச் செல்லும். இது தென்கலையார் கொள்ளும் மார்ஜார நியாயம். எத்தனையோ உபந்நியாசங்களில் இதைக் கேட்டுத் தலையசைத்திருக்கிறேன். கவ்வ வரும் தாயை அப்புறப்படுத்திவிட்டால் குட்டியின் கதி என்ன என்ற கேள்வி, அந்த ஏணியில் நின்றபோதுதான் எனக்கு எழுந்தது.

வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம். அங்கே வழங்கும் விரதக் கதையில், இளைய மருமகள் வீட்டுப் பண்டத்தைத் தானே தின்றுவிட்டுப் பழியைப் பூனைமேல் போடுகிறாள். பூனை அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தேவியிடம் சேர்க்கிறது. அவள் பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே பிள்ளைகள் திரும்பக் கிடைக்கின்றன. இந்தச் சஷ்டி தேவிக்குத் தேவசேனை என்ற பெயரும் உண்டென்று தேவிபாகவதம் கூறுகிறது. ஆகவே முருகனடியார்களுக்கும் பூனை அயலன்று. சகுனம் கேட்ட அம்மையாருக்கு என்னால் இயன்ற விடை இதுவே.

இதில் சட்டமும் இருக்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது 1953இல் பிராணிகளின் துன்பத்தைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் விளைவாக அரசே 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றிற்று. பசியாலும் தாகத்தாலும் துன்புற நேரும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதன்முறை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960இல் அது ஒரு தொகை; இன்று காப்பிச் செலவு. ஆனால் விஷம் வைத்துக் கொன்றால் நிலைமை வேறு. இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது.

ஓய்வுக்குப் பின் நாங்கள் மந்தாரக்குப்பத்தில் இருக்கிறோம். நெய்வேலி நகரியத்தை அறிந்தவர்களுக்கு இங்குள்ள ஒரு வழக்கமும் தெரிந்திருக்கும். பணி ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்கோ பிள்ளைகள் இருக்கும் நகருக்கோ போய்விடுகிறார்கள். கட்டில், பீரோ, துளசிமாடம் வரை லாரியில் ஏறுகின்றன. பத்தாண்டு வளர்ந்த பூனை ஏறுவதில்லை. பூட்டிய வீட்டின் படியில் அது பல நாள் அமர்ந்திருக்கும். பிறகு ஒருநாள் இரை தேடிச் சுற்றுப்புறத் தெருக்களுக்கு வந்து சேரும்.

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படியொன்றாக இருக்கலாம். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறம். மூவண்ணப் பூனை அநேகமாகப் பெட்டையாகவே இருக்கும்; அது பிறவி அமைப்பு. தாழ்வாரத்து மிதியடியில் நனைந்தபடி நின்றது. நான் துடைப்பத்தைத் தேடவில்லை. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "பால் கட்டியிருக்குங்க. எங்கேயோ குட்டி போட்டிருக்கு" என்றாள்.

அம்மையாருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் பாருங்கள். உடல் கொழுத்து, மேனி சுத்தமாக, கூப்பிட்டால் அருகே வரும் பூனை என்றால் அதற்கு உடையவர் இருக்கக்கூடும்; நான்கு வீடுகளில் கேளுங்கள். ஒரு காதின் நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தால் யாரோ கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். மடி கனத்திருந்தால் குட்டிகள் அருகில் உள்ளன. தாயை எங்கும் கொண்டு போகாதீர்கள். குட்டிகளைக் கண்டாலும் உடனே தூக்காதீர்கள். தாய் இரைக்குப் போயிருக்கும், சில மணி நேரம் தொலைவிலிருந்து கவனியுங்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் பாட்டிமார் சொன்னது வீண்பேச்சன்று. மனிதர் அடிக்கடி எட்டிப் பார்த்தால் அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். எங்கள் பூனையின் குட்டிகள் துவைகல்லுக்குப் பின்னே, பழைய பீப்பாய்க்குள் இருந்தன, மூன்று.

பால் வைக்க வேண்டாம். பாற்கடலையே நக்கிக் குடிக்க முனைந்த பூனையைக் கம்பர் தமக்கு உவமையாக்கிக்கொண்டார்; எனினும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். அகலமான கிண்ணத்தில் நல்ல தண்ணீர் போதும்.

விரட்டுவதற்காக ஃபினாயில் தெளிப்பதும் அந்துருண்டை போடுவதும் பல இல்லங்களில் வழக்கம். இரண்டும் பூனைக்கு நஞ்சு. காலில் ஒட்டியதை நக்கியே அது நோயுறும். எலிப் பாஷாணம் வைத்த வீட்டில், அதைத் தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகலாம். காய்ச்சல் போலிருக்கிறதே என்று நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே உயிரை வாங்கிவிடும். அன்பினால் நேரும் இத்தகைய கொலைகளும் உண்டு.

நம் உடல்நலமும் பெரிது. புதிய பூனையை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கடித்தாலும் பிறாண்டினாலும், சிறு கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் நாயால் மட்டும் வருவதன்று. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கலாகாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் ஊசிக்குப் பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் போட்டு முடிக்க வேண்டும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், பூனையின் கழிவை அவர் அள்ளக் கூடாது.

வளர்க்க இயலாதென்றால் அதில் குற்றமேதும் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வலை அடியுங்கள்; நைவேத்தியத்தைக் கனமான மூடியால் மூடுங்கள்; மிச்ச உணவை வெளியே வைக்காதீர்கள். உணவு கிடைக்காத இடத்தில் பூனை நெடுநாள் தங்காது. திவசத்தன்று தொல்லை தருகிறதென்று தந்தை பூனையைக் கூடையில் கவிழ்த்து வைத்தாராம். அவர் காலத்துக்குப் பின் மகன், திவசம் செய்ய வேண்டுமென்று பூனை ஒன்றை ஊரெல்லாம் தேடினானாம். மூடி வைப்பதற்கு மேல் இதில் பெரிய ஆசாரம் ஒன்றும் தேவையில்லை.

வளர்ப்பதென்று முடிவு செய்தால், உணவிடத் தொடங்கும்போதே கருத்தடைக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். பூனையின் சூல்காலம் 9 வாரந்தான். பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே அடுத்த தலைமுறை சூல் கொள்ளத் தொடங்கும். கூட்டுவட்டிக் கணக்கு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் மூவண்ணத்துக்குக் குட்டிகள் பால் மறந்த பிறகு கால்நடை மருத்துவரிடம் அறுவை செய்வித்தோம். குட்டிகளில் ஒன்று எலித்தொல்லை மிகுந்த அரிசி மண்டிக்கும், மற்ற இரண்டும் சேர்ந்தே ஓர் ஆசிரியை இல்லத்துக்கும் சென்றன.

இன்னொன்று, நம் வயதினருக்கு மட்டும் உரியது. வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதி வைத்திருப்பீர்கள். பூனைக்கும் ஒருவரை நியமியுங்கள். பிள்ளை வீட்டுக்குப் பத்து நாள் போனாலும், மருத்துவமனையில் படுத்தாலும், அதற்குப் பின்னும், தண்ணீரும் சோறும் வைக்கப்போவது யார் என்று அவரிடம் வாய்விட்டுக் கேட்டு, சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியதெல்லாம் எளியது. எனக்கு இன்றளவும் கணக்கு நேராகாத இடம் ஒன்று உண்டு.

நாங்கள் புலால் உண்ணாதவர்கள். தயிர்ச்சாதம் பிசைந்து வைத்தோம், தின்றது. அதுவே போதும் என்றுதான் எண்ணியிருந்தோம். கால்நடை மருத்துவர் மறுத்தார். பூனையின் உடலுக்கு டாரின் என்னும் சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தாவர உணவில் இல்லை. அது குறைந்தால் பார்வை கெடும் என்பதை 1975இலும், இதயத் தசை தளரும் என்பதை 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பருப்புச் சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே இட்டு வளர்ப்பது, பூனையைச் சிறிது சிறிதாகக் குருடாக்குவதற்கு ஒப்பாகலாம்.

இங்கிருந்து வடலூர் எட்டும் தூரம். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்த உயிருக்கு உணவிடுவதே சீவகாருணியம் என்றவர் அவர். ஓர் உயிரைக் கொன்று இன்னோர் உயிரின் பசி தணிப்பது சீவகாருணியம் ஆகாது என்றவரும் அவரே. பூனை என் வாசலில் பசித்து நிற்கிறது. இவ்விரண்டில் எதை விட்டு எதைக் கொள்வேன்?

எதிர்வீட்டு அம்மாளுக்கு எங்கள் தயக்கம் புரிந்தது. "ஐயா, நீங்க தொட வேண்டாம். கடலூர் மீன் வர்ற அன்னிக்கு நான் வேகவெச்சு முள் எடுத்துப் போட்டுடறேன்" என்றார். அப்படியே நடந்துவருகிறது, எங்கள் கொல்லை மதிலுக்கு அப்பால் அவர் தட்டு, இப்பால் எங்கள் தண்ணீர்க் கிண்ணம். கொலையில் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். "மதில் உயரம் மூணடிதானே" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மாசி மாதம் அந்த அம்மாள் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தார். கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரின் சேர்த்திருக்கிறார்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாதப் பூசத்தன்று ஜோதி தரிசனத்துக்காக இருவரும் வடலூர் சென்றபோது, கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். பொட்டலத்தின்மேல் ஒரு மீன் படம்.

தருமச்சாலையில் உணவருந்திவிட்டு, மாலையில் ஞானசபை வாயிலுக்கு வந்தோம். கொலையும் புலாலும் நீத்தவர்களே உள்ளே புகலாம் என்ற அறிவிப்பு அங்கே உண்டு. எத்தனையோ முறை கண்ட எழுத்துகள். அன்று அவற்றின்முன் கால் நின்றுவிட்டது. பையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"கொடுங்க, நான் வெளியே வெச்சிருக்கேன். நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் நான் போறேன்" என்றாள்.

ஆறு திரைகள் விலகிய ஜோதியை நான் முதலில் கண்டு வந்தேன். பிறகு அவள் உள்ளே செல்ல, நான் பையோடு மரத்தடியில் நின்றேன். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.